ஏலக்காய்க்குத் திறந்த கதவு

(போடிநாயக்கனூரில் அம்பேத்கர் பிறந்தநாளையொட்டி இளைஞர்கள் நடத்திய வாசிப்புக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



"இந்துத் தத்துவத்திலும் மேற்கத்தியத் தத்துவத்திலும் கடவுள்" என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். நோட்டீஸைப் பார்த்த நண்பர் ஒருவர், "என்னப்பா, நீயும் ஆன்மிகச் சொற்பொழிவுக்குப் போய்விட்டாயா?" என்று கேட்டார். இல்லை. இந்தத் தலைப்புக்கு ஒரு காரணம் இருக்கிறது. போன கூட்டத்தில் ஒரு தங்கை எழுந்து ஒரு கேள்வி கேட்டார். அவருடன் கல்லூரியில் படிக்கும் ஒருவர் சொன்னாராம்: "மேற்கத்தியர்களின் கடவுள் எங்கோ வானத்தில் உட்கார்ந்திருக்கும் ராஜா. நம்முடைய தத்துவம் அப்படியில்லை. எல்லாவற்றிலும் இருப்பது கடவுள், நீயே கடவுள் என்று சொல்கிறது. இதைவிடப் பெரிய சமத்துவம் உலகத்தில் எங்கே இருக்கிறது? சாதி பின்னால் வந்து ஒட்டிய அழுக்கு. தத்துவத்தில் சாதி இல்லை." இதற்கு என்ன பதில் சொல்வது என்று அந்தத் தங்கை கேட்டார். அன்று நேரமில்லாமல் போய்விட்டது. இன்று அந்தக் கேள்வியை மட்டும் எடுத்துப் பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

நான் தத்துவப் பேராசிரியர் இல்லை. என் அம்மா இந்த ஊரில் ஓர் ஏலக்காய்க் கிடங்கில் உட்கார்ந்து காய் தரம் பிரித்தவர். பெரிய காய், சின்னக் காய், வெடித்த காய், நிறம் மங்கிய காய் என்று நாள் முழுக்கப் பிரிப்பதுதான் வேலை. அம்மாவின் அம்மா, என் பாட்டி, மலையில் காய் எடுத்தவர். விடியும் முன்னே ஜீப் ஏறி, போடிமெட்டுப் பாதையின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் தாண்டி, பூப்பாறைப் பக்கம் போய்ச் சாயங்காலம் இறங்கி வருவார். ஏலச்செடி ஆள் உயரத்துக்கு மேல் வளரும். ஆனால் காய் மேலே காய்ப்பதில்லை. செடியின் அடியில், மண்ணை ஒட்டி நீளும் சரத்தில் காய்க்கும். அதனால் காய் எடுப்பவர் நாளெல்லாம் குனிந்தோ குத்தவைத்தோதான் இருக்க வேண்டும். பாட்டியின் முதுகு கடைசிவரை நிமிரவில்லை.

அடிவாரத்தில் எங்கள் ஊரில் ஒரு கோயில். பெயர் வேண்டாம். சின்ன வயதில் திருவிழாவுக்குப் பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு போனேன். அன்று சாமிக்கு ஏலக்காய் மாலை சாத்தியிருந்தார்கள். பாட்டி தூரத்திலிருந்தே பார்த்துவிட்டு, "எட்டு மில்லிக் காய்" என்றார். படியில் கால் வைக்கப் போனோம். அங்கே நின்ற ஒருவர், "இங்கனயே நின்னு கும்பிட்டுக்க, ஆத்தா" என்றார். திட்டவில்லை, தள்ளவில்லை. சிரித்த முகத்தோடுதான் சொன்னார். பாட்டியும் நின்ற இடத்திலேயே கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிட்டார். காய் உள்ளே இருந்தது. காய் எடுத்த கை வெளியே இருந்தது.

பல வருடம் கழித்து நான் கல்லூரிக்குப் போனேன். நூலகத்தில் விவேகானந்தரும் உபநிடத விளக்கங்களும் கிடைத்தன. எனக்குத் தலைகால் புரியவில்லை. நம்மை யாரும் தாழ்த்த முடியாது, நாமே பிரம்மம் என்று எழுதியிருக்கிறார்களே என்று பூரித்துப்போனேன். லீவுக்கு வந்தபோது பாட்டியிடம் போய், "பாட்டி, நீயும் சாமியும் வேற வேற இல்ல. ரெண்டும் ஒண்ணுதானாம். பெரிய ரிஷிகளே சொல்லியிருக்காங்க" என்றேன். பாட்டி வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டார்: "ஏய்யா, நானும் சாமியும் ஒண்ணுன்னா, அன்னைக்கு வாசல்ல நிறுத்துனாகளே, அது யார நிறுத்துனாக?"

அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. இன்று நான் பேசப்போவது எல்லாம் அந்த ஒரு கேள்விக்கான விளக்கம்தான்.

முதலில் அந்தக் கல்லூரி நண்பர் சொன்னதை நியாயமாகவே எடுத்துக்கொள்வோம். அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. சாந்தோக்கிய உபநிடதத்தின் ஆறாம் அத்தியாயத்தில் உத்தாலகர் தன் மகன் சுவேதகேதுவிடம் உப்பைத் தண்ணீரில் போடச் சொல்கிறார். மறுநாள் உப்பைக் காணவில்லை. ஆனால் எந்தப் பக்கம் குடித்தாலும் கரிக்கிறது. எல்லாவற்றிலும் நிறைந்த ஒன்று அப்படித்தான் இருக்கிறது, அதுவே நீ என்கிறார் அப்பா. இது பெரிய சிந்தனை. எட்டாம் நூற்றாண்டில் சங்கரர் இதை எடுத்து அத்வைதமாக வளர்த்தார். இருப்பது ஒன்றே, பலவாகத் தெரிவது தோற்றம் என்றார்.

மேற்கில் பெருவழக்காக இருந்தது வேறு. அரிஸ்டாட்டில் சொன்ன கடவுள், தான் அசையாமல் எல்லாவற்றையும் அசைக்கும் முதல் காரணம். அவருக்கு நம்மைப் பற்றிய கவலை எதுவும் கிடையாது. பைபிளின் கடவுள் அப்படியில்லை. படைக்கிறார், பேசுகிறார், கோபப்படுகிறார், கணக்குக் கேட்கிறார். பிறகு 13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் போன்றவர்கள் இந்த இரண்டையும் சேர்த்து ஒரு தத்துவம் கட்டினார்கள். அதில் படைத்தவர் வேறு, படைக்கப்பட்டது வேறு. மனிதன் கடவுளின் பிள்ளை, கடவுளே அல்ல.

ஆனால் "நாம் இப்படி, அவர்கள் அப்படி" என்று கோடு கிழிப்பதில் ஒரு சிக்கல் உண்டு. எல்லாம் ஒன்றே என்று மேற்கிலும் ஒருவர் சொன்னார். ஸ்பினோசா. கடவுளும் இயற்கையும் ஒன்று என்று எழுதப்போகும் அவரை, 1656ல், 23 வயதிலேயே, ஆம்ஸ்டர்டாம் யூத சபை விலக்கி வைத்தது. நம் பக்கமும் எல்லோரும் அத்வைதிகள் இல்லை. மத்வர் கடவுளும் உயிரும் வேறு வேறு என்றார். சைவ சித்தாந்தம் பதி, பசு, பாசம் என்று மூன்றாகப் பிரித்தது. உலகாயதர் கடவுளே இல்லை என்றார்கள். புத்தர் அந்தக் கேள்விக்கே போகவில்லை.

இந்த வரிசையில் மீமாம்சகர்களைத் தனியாகக் கவனியுங்கள். வேதச் சடங்குகளைக் காக்க எழுந்த தத்துவம் அது. ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்த குமாரிலர் அதன் பெரிய ஆசிரியர். உலகத்தைப் படைத்த கடவுள் என்று ஒருவர் இருக்கவே முடியாது என்று வாதாடியவர் அவர். நம் ஆட்கள் கேட்டால் கைதட்டுவார்கள். ஆனால் வேதமும், வர்ணமும், யாகத்துக்கு யாருக்கு உரிமை என்ற கணக்கும் அவருக்கு அசைக்க முடியாதவை. படைத்த கடவுளை எடுத்துவிட்ட பிறகும் சாதி அப்படியே நின்றது. கடவுள் இல்லை என்று சொல்லிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கும் தோழர்கள் குமாரிலரை ஒருமுறை படிக்க வேண்டும்.

சரி, "தத்துவத்தில் சாதி இல்லை, பின்னால் ஒட்டியது" என்ற வாதத்துக்கு வருவோம். உப்பும் தண்ணீரும் வருவது சாந்தோக்கியத்தின் ஆறாம் அத்தியாயத்தில். அதே நூலின் ஐந்தாம் அத்தியாயத்தைத் திறந்து பாருங்கள். பத்தாம் பகுதி. நல்ல நடத்தை உள்ளவர்கள் பிராமண, சத்திரிய, வைசிய வயிற்றில் பிறப்பார்கள். கெட்ட நடத்தை உள்ளவர்கள் நாய், பன்றி, சண்டாள வயிற்றில் பிறப்பார்கள் என்று அங்கே சொல்லப்படுகிறது. நாய், பன்றி, அடுத்து நாம். இந்தப் பாடத்தைக் கேட்டுக்கொள்பவர் யார்? அடுத்த அத்தியாயத்தில் மகனுக்கு உப்புப் பாடம் நடத்தும் அதே உத்தாலகர். பின்னால் யாரோ வந்து ஒட்டிய அழுக்கு என்றால், ஒரே நூலில் அடுத்தடுத்த பக்கத்தில் அது எப்படி வந்தது?

உடனே நண்பர் சத்தியகாமன் கதையைச் சொல்வார். அப்பா யாரென்று தெரியாத பையனைக் கௌதமர் மாணவனாக ஏற்கவில்லையா என்பார். ஏற்றார். எப்படி ஏற்றார்? இவ்வளவு உண்மையைப் பிராமணன் அல்லாதவன் பேசமாட்டான், ஆகவே நீ பிராமணன்தான் என்று முடிவு செய்து ஏற்றார். நம் வீட்டுப் பிள்ளை உண்மை பேசினால்கூட அந்த உண்மை நம் கணக்கில் வரவு வைக்கப்படுவதில்லை.

சங்கரரிடம் வருவோம். பிரம்ம சூத்திரத்துக்கு அவர் எழுதிய உரையில், முதல் அத்தியாயம் மூன்றாம் பாதத்தின் கடைசிப் பகுதிகளில், பிரம்மத்தை அறியும் கல்விக்குச் சூத்திரருக்கு உரிமை உண்டா என்ற கேள்வி எழுகிறது. 34 முதல் 38 வரையிலான சூத்திரங்கள். இல்லை என்பது அவர் முடிவு. வேதத்தைக் கேட்ட சூத்திரனின் காதில் ஈயமும் அரக்கும் ஊற்ற வேண்டும் என்ற ஸ்மிருதி வாக்கியத்தை அவர் மறுப்பதற்காக அல்ல, ஆதாரமாகவே எடுத்துக்காட்டுகிறார். சூத்திரருக்கே இந்த நிலை என்றால், அதற்கும் வெளியே நிறுத்தப்பட்டவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அத்வைதத்தை எதிர்த்து எழுதிய ராமானுஜர்கூட இந்தச் சூத்திரங்களுக்கு உரை எழுதும்போது அதே முடிவுக்குத்தான் வருகிறார். கடவுள் எப்படிப்பட்டவர் என்பதில் இருவரும் மோதினார்கள். படிக்கும் திண்ணையில் யார் உட்காரலாம் என்பதில் மோதவில்லை.

இருப்பது ஒன்றே என்று சொன்னவரால் இது எப்படி முடிந்தது? அதற்கு ஒரு வழி இருந்தது. உண்மையை அவர் இரண்டு தளமாகப் பிரித்தார். மேல் தளம் பாரமார்த்திகம். அங்கே பேதமே இல்லை. கீழ்த் தளம் வியாவகாரிகம், நாம் புழங்கும் உலகம். அங்கே எல்லாப் பேதமும் விதிப்படி நடக்கும். சமத்துவத்தை மாடியில் வைத்துவிட்டு ஏணியை எடுத்துக்கொண்டார்கள். நாம் வாழ்வது, உழைப்பது, கல்யாணம் முடிப்பது, செத்தால் புதைக்கப்படுவது எல்லாம் கீழ்த் தளத்தில்தான்.

காசியில் நடந்ததாக ஒரு கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். எதிரே வந்த சண்டாளனை விலகிப் போ என்கிறார் சங்கரர். எதை விலகச் சொல்கிறாய், உடலையா, ஆத்மாவையா என்று அவன் திருப்பிக் கேட்கிறான். சங்கரர் திகைத்து, அவனை வணங்குகிறார். சங்கரர் பெயரில் வழங்கும் மனீஷா பஞ்சகம் அப்போது பாடியது என்பார்கள். என் பாட்டி கேட்ட கேள்வியும் இதுவேதான், கவனித்தீர்களா? ஒரு வித்தியாசம் உண்டு. கதையில் அந்தச் சண்டாளன் கடைசியில் சிவபெருமானாக மாறிவிடுகிறார். சண்டாளன் சண்டாளனாகவே நின்று, சரியான கேள்வி கேட்டு, ஒரு குருவை வாயடைக்க வைத்தான் என்று அந்தக் கதையால் முடிய முடியவில்லை. என் பாட்டி சிவனாக மாறவில்லை. மறுநாள் காலையில் ஜீப் ஏறிக் காய் எடுக்கப் போனார்.

இதையெல்லாம் நமக்கு முன்பே துல்லியமாக எடைபோட்டவர் பாபாசாகேப். "இந்து மதத்தின் புதிர்கள்" என்று அவர் எழுதி வைத்த கையெழுத்துப் படி, அவர் மறைந்து முப்பது ஆண்டுகளுக்குப் பின், 1987ல் மகாராஷ்டிர அரசு வெளியிட்ட தொகுதியில் அச்சானது. அதில் பிரம்மத்தைப் பற்றி ஒரு புதிர் இருக்கிறது. அவர் அங்கே என்ன சொல்கிறார் தெரியுமா? ஜனநாயகத்துக்கு அடித்தளமாக, எல்லோரும் கடவுளின் பிள்ளைகள் என்ற கிறிஸ்தவக் கருத்து பலவீனமானது என்கிறார். நீயும் நானும் ஒரே பிரம்மத்தின் பகுதி என்ற கருத்து அதைவிட உறுதியானது, அதிலிருந்து ஜனநாயகத்தைத் தவிர வேறெதுவும் பிறக்கக் கூடாது என்கிறார். அம்பேத்கர் அந்தத் தத்துவத்தைப் புரியாமல் திட்டினார் என்று சொல்பவர்களுக்கு இதைக் காட்டுங்கள். எதிராளி தன் தத்துவத்துக்குக் கொடுக்கும் மதிப்பைவிட அதிக மதிப்பை அவர் கொடுத்தார். கொடுத்துவிட்டுத்தான் கேட்டார்: இவ்வளவு உறுதியான அடித்தளத்தின் மேல் ஏன் ஒரு செங்கல்கூட வைக்கப்படவில்லை? பிரம்மம் ஏன் தர்மத்தின் அடிப்படையாக ஆக்கப்படவில்லை?

இங்கே கைதட்டிவிட்டு, ஆகவே மேற்கின் கடவுள் நல்லவர் என்று முடித்துவிடக் கூடாது. அந்தப் பக்கத்துக் கணக்கையும் பார்க்க வேண்டும்.

இயற்கையிலேயே சிலர் அடிமைகள் என்று எழுதியவர் அரிஸ்டாட்டில். மனிதர்களில் தங்கம் கலந்தவர், வெள்ளி கலந்தவர், இரும்பும் வெண்கலமும் கலந்தவர் என்று கடவுள் படைத்ததாக ஒரு பொய்யை மக்களிடம் பரப்ப வேண்டும் என்று எழுதியவர் பிளேட்டோ. புருஷ சூக்தத்தின் வாய், தோள், தொடை, பாதம் நினைவுக்கு வருகிறதா? ஒரு வேறுபாடு, பிளேட்டோ அதைப் பொய் என்று ஒப்புக்கொண்டே எழுதினார். பிற்காலத்தில் கடவுளின் பிள்ளைகள் என்று ஞாயிற்றுக்கிழமை பாடியவர்கள், அந்தப் பிள்ளைகளில் லட்சக்கணக்கானவர்களைக் கப்பலில் அடைத்து அட்லாண்டிக் கடலைக் கடத்தினார்கள்.

அவ்வளவு தூரம் போவானேன்? நமக்குப் பக்கத்தில் இருக்கும் மதுரைக்கு வருவோம். 1606ல் இத்தாலியிலிருந்து ராபர்ட் தெ நோபிலி மதுரைக்கு வந்தார். தத்துவ போதகர் என்று பெயர் வைத்துக்கொண்டு, காவி உடுத்தி, மரக்கறி உண்டு, பிராமணத் துறவி போல வாழ்ந்தார். கிறிஸ்தவரான உயர்சாதியார் பூணூலும் சந்தனமும் வைத்துக்கொள்ளலாமா என்ற வழக்கு ரோமாபுரி வரை போனது. 1623ல் போப் பதினைந்தாம் கிரிகோரி, சடங்கு அர்த்தத்தை நீக்கிவிட்டு வைத்துக்கொள்ளலாம் என்று அனுமதித்தார். 1640 வாக்கில் மற்றச் சாதியாருக்கென்று பண்டாரசாமிகள் என்ற தனிக் குருமார் வந்தார்கள். அப்பா ஒருவர்தான். பிள்ளைகளுக்குத் தனித்தனிச் சாமியார்கள். நெல்லைப் பக்கம் வடக்கன்குளத்தில் ஒரே தேவாலயத்துக்குள் இரண்டு சாதியாருக்கு இரண்டு கூடம் கட்டி நடுவில் தடுப்பும் வைத்தார்கள். கால்சட்டை போல இரண்டு பக்கம் பிரிந்த அந்தக் கோயிலின் தடுப்பு 1910ல்தான் இடிக்கப்பட்டது.

என் வீட்டிலும் இது நடந்தது. என் பெரியப்பா ஒருவர் ஞானஸ்நானம் வாங்கினார். அங்கே நம்மை நிறுத்த மாட்டார்கள் என்று நம்பித்தான் போனார். கோயிலுக்குள் நிறுத்தவில்லை, உண்மை. பைபிளைக் கையில் கொடுத்தார்கள், வாசிக்கச் சொன்னார்கள், அதுவும் உண்மை. ஆனால் அவர் இறந்தபோது கல்லறைத் தோட்டத்தில் ஒரு சுவர் இருந்தது. சுவருக்கு இந்தப் பக்கம் அவரைப் புதைத்தோம். ஊர் பெயரோ சபை பெயரோ இங்கே தேவையில்லை. தமிழ்நாட்டில் இப்படி ஒரு ஊர் மட்டும் இருந்தால் பெயர் சொல்லலாம்.

ஆக, தலைக்கு மேல் இருக்கும் தந்தையும் சாதியோடு சமாதானமாகப் போனார். உள்ளுக்குள் இருக்கும் பிரம்மமும் சாதியோடு சமாதானமாகப் போனது. அப்படியானால் இரண்டும் ஒன்றுதானா? வித்தியாசமே இல்லையா?

இருக்கிறது. வித்தியாசம் கடவுளின் உருவத்தில் இல்லை. ஒடுக்கப்பட்டவன் கையில் அந்த நூல் வந்து சேரும்போது என்ன ஆகிறது என்பதில் இருக்கிறது. 1807ல் லண்டனில் ஒரு பைபிள் அச்சானது. மேற்கிந்தியத் தீவுகளின் அடிமைகளுக்காகத் தயாரித்த தனிப் பதிப்பு. அதில் எகிப்திலிருந்து அடிமைகள் விடுதலையாகி வெளியேறும் கதையின் பெரும்பகுதியை வெட்டிவிட்டார்கள். அடிமை என்றும் சுதந்திரன் என்றும் பேதமில்லை என்று பவுல் எழுதிய இடத்தையும் எடுத்துவிட்டார்கள். ஏன் வெட்டினார்கள்? வெட்டாமல் கொடுத்தால் அடிமை அதைத் தனக்குச் சாதகமாகப் படித்துவிடுவான் என்ற பயம். அமெரிக்கத் தென் மாநிலங்கள் பலவற்றில் அடிமைகளுக்கு எழுத்துக் கற்றுக்கொடுப்பதே குற்றமாக இருந்ததும் இந்தப் பயத்தால்தான். அப்படியும் எழுத்துக் கற்றுத் தப்பி வந்த பிரெடரிக் டக்ளஸ், 1845ல் எழுதிய தன் வரலாற்றின் பின்னிணைப்பில், கிறிஸ்துவின் மதம் வேறு, இந்த நாட்டு அடிமை முதலாளிகளின் மதம் வேறு என்று இரண்டையும் எதிரெதிரே நிறுத்தினார். உன் புத்தகத்தின்படியே நீ குற்றவாளி என்று அவரால் சொல்ல முடிந்தது.

நம் பக்கம் மனுவை வைத்து அப்படிச் சொல்ல முடியுமா? முடியாது. அங்கே வாசலில் நிறுத்துவது பாவம் இல்லை, கடமை. அதோடு நிற்கவில்லை. நிறுத்தப்பட்டவனே, "போன பிறவியில என்ன பாவம் பண்ணேனோ" என்று தன்னைத்தானே குற்றவாளியாக்கிக்கொள்ளும்படி கர்மா என்ற கணக்கும் சேர்ந்துகொண்டது. மலைச்சரிவில் வழுக்கி விழுந்து கால் உடைந்தபோது என் பாட்டி கங்காணியைத் திட்டவில்லை, முதலாளியைத் திட்டவில்லை. "என் தலையெழுத்து" என்றார். ஒரு தத்துவம் ஒரு மனுஷியின் முதுகெலும்பு வரை இறங்கியிருப்பதை நான் அன்றுதான் பார்த்தேன். அவ்வளவு கூர்மையான கேள்வி கேட்ட அதே பாட்டிதான் இதையும் சொன்னார். இரண்டும் ஒரே மனுஷிக்குள் இருந்தன. நமக்குச் சண்டை பாட்டியோடு இல்லை, அந்த இரண்டாவது வாக்கியத்தோடு.

அம்பேத்கர் 1936ல் "சாதி ஒழிப்பு" உரையில் சாஸ்திரங்களின் புனிதத்தையே கேள்விக்கு உட்படுத்தியதற்கும் இதுதான் காரணம். லாகூரில் பேசுவதற்காக அவரை அழைத்தவர்களே அந்த உரையைக் கண்டு பயந்து கூட்டத்தை ரத்து செய்தார்கள். பேசாத பேச்சை அவர் தன் செலவில் அச்சிட்டார். 

அதே உரிமையோடு அத்வைதத்தை எடுத்துக் கையாண்டவர் ஒருவரும் உண்டு. நம் மலைக்கு அந்தப் பக்கம். நாராயண குரு. 1888ல் அருவிப்புறத்தில், பிரதிஷ்டை செய்ய உரிமை மறுக்கப்பட்ட சாதியில் பிறந்த அவர், ஆற்றிலிருந்து ஒரு கல்லை எடுத்துச் சிவனாக நிறுவினார். 1927ல் களவங்கோடத்தில் சிலைக்குப் பதிலாகக் கண்ணாடியை நிறுவினார். வந்து பார்ப்பவனுக்கு அவன் முகம்தான் தெரியும். ஆயிரம் ஆண்டுகளாக மாடியில் இருந்த கருத்தை அவர் கீழே இறக்கினார். அவருடைய மாணவர் சகோதரன் அய்யப்பன் அங்கேயும் நிற்கவில்லை. 1917ல் செறாயியில் சாதி கடந்த பந்தி நடத்தினார். குருவே ஒரு சாதி, ஒரு மதம், ஒரு கடவுள் என்றபோது, மாணவர் மனிதனுக்குச் சாதியும் வேண்டாம், மதமும் வேண்டாம், கடவுளும் வேண்டாம் என்றார். மாணவரைக் குரு விலக்கி வைக்கவில்லை.

இந்த மலையையே ஒரு பாடமாக எடுத்துக்கொள்ளுங்கள். போடிமெட்டுக்கு மேலே உள்ள ஏலமலை அன்று திருவிதாங்கூர் சமஸ்தானம். அங்கே 1936 நவம்பர் 12ல் ஆலய நுழைவுப் பிரகடனம் வந்தது. கீழே போடி சென்னை மாகாணம். மதுரை மீனாட்சி கோயிலுக்குள் 1939 ஜூலை 8ல் வைத்தியநாத அய்யர் தலைமையில் நம்மவர்கள் நுழைந்தார்கள். ஆனால் மாகாணம் முழுக்க எல்லாக் கோயிலையும் திறந்துவிடும் சட்டம் 1947ல்தான் வந்தது. அந்தப் பத்துப் பதினோரு வருடங்களில் காய் எடுக்கப் போய் வந்த ஒரு பெண்ணை நினைத்துப் பாருங்கள். மலை ஏறினால் சமஸ்தானத்துக் கோயில் அவளுக்குத் திறந்திருக்கிறது. இறங்கினால் ஊர்க் கோயில் மூடியிருக்கிறது. பிரம்மம் அந்த 17 வளைவுகளில் ஏறி இறங்கும்போது மாறிவிட்டதா? மாறியது சட்டம். சட்டத்தை மாற்றியது போராட்டம். வைக்கத்தில் அடி வாங்கியவர்கள், மதமே மாறிவிடுவோம் என்று அரசரை அசைத்தவர்கள், மதுரையில் வாசல் தாண்டியவர்கள். எந்தத் தத்துவ நூலும் தானாக எழுந்து வந்து எந்தக் கதவையும் திறக்கவில்லை.

இன்னொன்று, சமீபத்தியது. 2023 ஜனவரியில் சபரிமலை அரவணைப் பாயசத்தில் சேர்த்த ஏலக்காயில் அளவுக்கு மேல் பூச்சிமருந்து இருப்பதாகச் சோதனை அறிக்கை வந்தது. கேரள உயர்நீதிமன்றம் விற்பனையை நிறுத்தியது. ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட டின்கள் அப்படியே முடங்கின. அந்த உத்தரவை 2024 மார்ச்சில் உச்சநீதிமன்றம் ரத்து செய்தது வேறு விஷயம். பிரசாதத்தைச் சோதிக்க வேண்டியதுதான், தவறில்லை. நான் கேட்பது ஒன்றே ஒன்று. அந்த மருந்து காய்க்கு வருமுன் ஒரு மனிதனின் முதுகில் தொங்கிய தெளிப்பானில் இருந்தது. அவன் மூச்சுக்குழாய் வழியாகப் போனது. எல்லா உயிரிலும் அதே பிரம்மம் என்றால், அவன் நுரையீரலைச் சோதிக்க எந்த வழக்கு நடந்தது? கடவுளின் பிள்ளை என்றால், அந்தப் பிள்ளைக்கு ஒரு முகக்கவசம் வாங்கிக் கொடுத்தது யார்?

தங்கைக்கு வருகிறேன். அந்த நண்பரோடு சண்டை போட வேண்டாம். அவர் சொல்லும் ஒருமைத் தத்துவத்தைக் கேலி செய்யவும் வேண்டாம். பாபாசாகேப் கேலி செய்யவில்லை. அதன் மதிப்பை ஒப்புக்கொண்டுவிட்டு, மூன்று கேள்வி கேளுங்கள். உங்கள் கடவுளைப் பற்றிப் படிக்க, பேச, கற்பிக்க யாருக்கு உரிமை? அந்தக் கடவுளின் பெயரால் ஒருவனை வாசலில் நிறுத்தினால், உங்கள் நூலின்படி நிறுத்தியவன் குற்றவாளியா, நின்றவன் குற்றவாளியா? அந்தத் தத்துவம் கீழ்த் தளத்தில், திங்கட்கிழமை காலையில், கல்யாணத்தில், கிணற்றில், சுடுகாட்டில் எதை மாற்றியது? இந்த மூன்றையும் அத்வைதத்திடம் கேளுங்கள். தேவாலயத்திடமும் கேளுங்கள். கடவுள் இல்லை என்று சொல்லும் நம் இயக்கங்களிடமும் கேளுங்கள். நம் தெருவின் கருப்பசாமியிடமும் கேளுங்கள். அவரும் நமக்குள்ளேயே யாரையோ தள்ளி நிறுத்தித்தான் பூசை வாங்குகிறார்.

1956 அக்டோபர் 14ல் நாக்பூரில் அம்பேத்கர் எடுத்த முடிவை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன். எந்தக் கடவுள் பெரியவர் என்ற போட்டியில் அவர் ஒரு பக்கம் சேரவில்லை. மற்ற மதங்களில் கடவுள் உட்காரும் இடத்தில், மனிதன் மனிதனோடு நடந்துகொள்ளும் ஒழுக்கத்தை உட்கார வைத்த ஒரு தம்மத்தைத் தேர்ந்தெடுத்தார்.

முடிக்கிறேன். பாட்டி இறப்பதற்கு முந்தைய வருடம், எங்கள் ஊர்க் கோயிலுக்குள் போவதென்று தெருப் பிள்ளைகள் முடிவெடுத்தோம். பெரிய ரகளை ஒன்றும் இல்லை. முறைத்தார்கள், முணுமுணுத்தார்கள், நாங்கள் போனோம். பாட்டியையும் கூப்பிட்டேன். கம்பை ஊன்றிக்கொண்டு உள்ளே வந்தார். கும்பிடுவார் என்று பார்த்தேன். கும்பிடவில்லை. சாமி கழுத்தில் கிடந்த ஏலக்காய் மாலையைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். "ஏழு மில்லிதான். எட்டுன்னு ஏமாத்திட்டாக" என்று சொல்லிவிட்டு வெளியே நடந்தார்.